இரட்டை வலைக்குள் முப்பது செடி

லூர்துராஜுக்கு ஐம்பத்தொரு வயது. வில்லாபுரத்தில் பஸ் பிடித்து, திருமங்கலம் தாண்டி இருக்கிற ஒரு கல்லூரியின் சோதனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவார். தினக்கூலிதான். பதினாறு வருஷம் ஓடியும் வேலை நிரந்தரமாகவில்லை. போ என்றால் போக வேண்டியதுதான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாடின செடியைக் கண்டால் மனிதருக்குக் கை சும்மா இருக்காது.

ஹம்சவேணி என்கிற ஆராய்ச்சி மாணவி அங்கே புகையிலை வைத்திருந்தாள். முப்பது செடி வெட்டவெளியில், முப்பது ஒற்றை நிழல்வலைக்குக் கீழே, முப்பது இரட்டை வலைக்குக் கீழே. வெளிச்சம் குறையக் குறையச் செடி என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. வெட்டவெளியில் இலை தோல் மாதிரி தடித்தது. இரட்டை வலைக்குள் இருந்ததோ வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று ஓடி, தண்டு குச்சியாகி, இலை வெளுத்துச் சாய்ந்தது.

"சாகப் போகுது பாப்பா."

"சாகட்டும்ணே. எம்புட்டு மெலியுதுன்னுதான நான் எழுதணும்? வலையில மட்டும் கை வச்சுராதீங்க."

காலையில் மீட்டர் வைத்து வெளிச்சத்தை அளந்துவிட்டு அவள் கிளம்பிவிடுவாள். பிறகு நாள் முழுக்க அந்த முப்பதின் முகத்தில் முழிப்பது இவர்தான். ஒருநாள் பொறுக்காமல் வலையைச் சுருட்டிக் கட்டினார். உச்சி வெயில் பட்டால் கருகிவிடும் என்று தெரியும். அதனால் மூன்றரை மணிக்கு மேல்தான் சுருட்டுவார், பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பழையபடி இறக்கிவிடுவார். அதுவே பழக்கமாகிவிட்டது. இலை தேறியது.

ஆறாவது வாரம் ஹம்சவேணி செடிக்கு இரண்டு இலை அறுத்துக் காயவைத்து எடை போட்டாள். ஓட்டமாக வந்தாள்.

"அண்ணே, ரெட்டை வலையில உள்ளது ஒத்தை வலைக்குச் சமமா நிக்குது! சாரே நம்பல. திங்கக்கிழமை எழுதிக் குடுத்துட்டா என் ஆராய்ச்சி முடிஞ்சுது."

லூர்துராஜ் வலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் பொய்க்குக் கையெழுத்துப் போடுவாள்.

"எழுதாத பாப்பா. வலையை நான்தான் சுருட்டி விட்டேன்."

"என்னைக்கு?"

"இருபத்தஞ்சு நாளா, சாயங்காலம் சாயங்காலம். பாவமா இருந்துச்சு."

அவள் கத்தவில்லை. நோட்டை மூடினாள்.

"செடிக்குப் பாவம் பாத்தீக. மூணு வருசமா நான் நாயா அலையிறது கண்ணுல படலையாண்ணே? வார மாசத்தோட எனக்குக் கெடு முடியுது."



திங்கட்கிழமை, விஷயம் தெரிந்து, அவளுடைய பேராசிரியர் வந்தார். "எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுக் கிளம்புங்க. நாளைக்கு வர வேணாம்." அவ்வளவுதான்.

வெட்டவெளிச் செடிகளை இரண்டு கையும் போட்டு இழுக்க வேண்டியிருந்தது, மண்கட்டியோடு வந்தன. இரட்டை வலைச் செடிகள் இரண்டு விரலுக்கே வந்துவிட்டன. இலை தேறியதே தவிர வேர் இறங்கவில்லை. ஹம்சவேணி அன்று தோட்டத்துப் பக்கமே வரவில்லை.