பெட்ரோல் மூடிக்கு வைத்த பொட்டு

எங்கள் வண்டி போகும்போது ஒரு நாளும் நின்றதில்லை. திரும்பி வரும்போதுதான் நிற்கும். அது ஏன் என்று கண்டுபிடிக்கச் சின்னாளபட்டியிலிருந்து பேகம்பூர் வரை எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒன்பது வயதான நானும் ஒருத்தி.

வண்டி என்றால் கார் அல்ல, லாரியும் அல்ல. யுத்தம் முடிந்தபின் ராணுவத்தார் கழித்துவிட்ட ஆம்புலன்ஸ். மதுரையில் ஒரு தரகரிடமிருந்து சித்தப்பா அதை ஓட்டிக்கொண்டு வந்தபோது எங்கள் தெருவே கூடி நின்றது. செத்தவர்களை ஏற்றிய வண்டி வீட்டுக்கு ஆகாது என்றாள் அம்மா. அடிபட்டவர்களை ஏற்றிய வண்டிதான், செத்தவர்களை இதில் ஏற்ற மாட்டார்கள் என்று சித்தப்பா சத்தியம் செய்தார். எங்கள் வீட்டுத் தறிகளில் நெய்து முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடிச் சேலைகளைப் பழனிக்கும் தொப்பம்பட்டிச் சந்தைக்கும் கொண்டுபோய் விற்பது அவர் வேலை. அதுவரை பஸ்ஸில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தவர், இனிமேல் வண்டியிலேயே படுத்து, வண்டியிலேயே சமைத்து, இரண்டு மூன்று நாள் தங்கி விற்றுவிட்டு வரலாம் என்றார். சமைக்க ஆள் வேண்டும் என்ற சாக்கில் சித்தியும் கூடப் போனாள்.

உள்ளே இரண்டு பக்கமும் மடக்குக் கட்டில்கள். ஒரு மூலையில் மருந்து வைக்கும் அலமாரி, அதில் ஆறு தட்டுகள். எங்கள் வீட்டில் பதினோரு பேர், ஒரே அடுப்பு. அங்கே சித்திக்கென்று ஓர் ஆணி கூடக் கிடையாது. வண்டி அலமாரியின் ஆறு தட்டுகளும் அவளுடையவை. உப்பு ஒன்றில், புளி ஒன்றில், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றில். ஒரு தட்டைக் காலியாகவே வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டுமே" என்றாள்.

புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் தனியாகப் புறப்பட்டுப் போவதை எங்கள் வீட்டில் அழகாக நினைக்கவில்லை. அதனால் துணைக்கு என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்து அனுப்புவார்கள். யாருக்கு யார் துணை என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

வண்டிக்கு இருந்த வியாதிகளில் ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாவது கியர் நிற்காது. ரோட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். இஞ்சின் வீணாகக் கத்தும். பேகம்பூரில் ராணுவ வண்டிகளை ரிப்பேர் பார்த்த அனுபவமுள்ள மெக்கானிக் பாய் ஒருவர் இருந்தார். கியர் பெட்டியைத் திறந்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லு தேஞ்சுபோச்சு தம்பி. இதுக்குப் பல்லு இப்ப எங்க போய்த் தேடுறது? யாராச்சும் கையில புடிச்சுக்கிட்டே வரணும்" என்றார். ஸ்டியரிங்கைத் திருப்பவே சித்தப்பாவுக்கு இரண்டு கையும் வேண்டும். ஆகவே கியர்க் கம்பியைப் பிடிக்கிற வேலை சித்திக்கு வந்தது. அவள் நடுவில் உட்கார்ந்து கம்பியை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். நான் ஜன்னல் ஓரம். தறிச் சத்தத்தை வைத்தே எந்த இழை அறுந்தது என்று சொல்லக்கூடியவள் அவள். இஞ்சின் சத்தம் மாறினால் சித்தப்பாவுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு வியாதிதான் யாருக்கும் பிடிபடவில்லை. பழனியிலிருந்து புறப்பட்டுச் சத்திரப்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ரோட்டோரம் புளியமரங்கள் அடர்ந்த இடத்தில் இஞ்சின் இரண்டு முறை விக்கும், தும்மும், நின்றுவிடும். சித்தப்பா பிளக்கைக் கழற்றித் துடைப்பார். கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதுவார். பெட்ரோல் பம்பைத் தட்டுவார். ஒன்றும் நடக்காது. அரைமணி, முக்கால்மணி கழித்து, ஒன்றுமே செய்யாதபோது, ஒரே சுற்றில் கிளம்பிவிடும். பிறகு வீடு வரை மூச்சுக் காட்டாமல் ஓடும். பாயிடம் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக இருக்கும். அவர் காயிலை மாற்றினார், கண்டென்சரை மாற்றினார். அடுத்த நடை அதே புளியமரத்தடியில் நின்றது.

சித்தி மட்டும் பதறமாட்டாள். மரத்தடியில் பாயை விரிப்பாள். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காப்பி போடுவாள். "செத்த நேரம் இருங்க, தானாக் கெளம்பும்" என்பாள். எனக்கும் ஒரு வேலை கொடுப்பாள்: "இஞ்சின் மேல கைய வச்சுக்கிட்டே நில்லு தாயி. ஆறிருச்சுன்னா சொல்லு." எனக்கு அது கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரி. வண்டியின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்பேன். அந்தப் பக்கம் அவர்கள் இருவரும் பாயில் உட்கார்ந்து என்னமோ பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அவர்கள் பேசி நான் பார்த்ததில்லை. சித்தப்பா தறிக்கூடத்தில் படுப்பார். சித்தி அடுப்படியில் எங்களோடு படுப்பாள். எல்லோரும் எழுவதற்கு முன் எழுந்து, எல்லோரும் சாப்பிட்டபின் சாப்பிடுவாள். அவளை ஏவுகிறவள் என் அம்மாதான். அம்மா கெட்டவள் அல்ல. மூத்த மருமகள், அவ்வளவுதான்.

வழியில் போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள். ஒரு தரம் தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் மாட்டு வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, மாட்டக் கட்டி இழுத்து உட்ருட்டுங்களா?" என்று கேட்டார். சித்தப்பா வாயைத் திறக்கும் முன் சித்தி, "வேண்டாமுங்க, இப்பக் கெளம்பிரும்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். உதவிக்கு வந்தவரை விரட்டுகிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

நாலாவது முறை நின்றபோது நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள், வெளியூரிலிருந்து சேலை எடுக்க வந்திருந்த வியாபாரி காத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அப்பா குரலை உயர்த்தவில்லை. "ஏலே தம்பி, இன்னொரு தரம் நின்னுச்சுன்னா பழைய இரும்புக்காரன்ட்ட தள்ளிவிட்ருவோம். நீ பழையபடி பஸ்ஸுல போ. ஒத்த ஆளு போதும்" என்றார். சித்தி அப்போது கதவருகே தண்ணீர்ச் செம்போடு நின்றாள். செம்பை வைக்க மறந்து அப்படியே நின்றாள். வண்டி போனால் அவளும் போகமாட்டாள், நானும் போகமாட்டேன் என்பது எனக்குக் கூடப் புரிந்தது. அன்று ராத்திரி நான் அழுதேன்.

அடுத்த நடை. பழனி அடிவாரத்தில் வியாபாரம் முடிந்து, திரும்புவதற்கு முன் வழக்கம்போல் வண்டிக்குப் பூசை. ஊரிலிருந்து புறப்படும்போது அம்மா வண்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதோடு சரி. பழனியில் சித்தி செய்வது விஸ்தாரமாக இருக்கும். மலையிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைக் குழைத்து ஸ்டியரிங், கியர்க் கம்பி, கதவுகள், விளக்குகள், பக்கவாட்டில் இருந்த பெட்ரோல் மூடி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக் குங்குமம் இடுவாள். அன்று நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் வைத்தாள். பெட்ரோல் மூடியை விட்டுவிட்டாள்.

கவலையில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். என்றைக்கும் இல்லாமல் இன்றைக்கா ஒன்றை விடுவது? அவள் கைகழுவப் போனபோது கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தையெல்லாம் வழித்து, மூடி தெரியாத அளவுக்கு அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, முருகனைக் கும்பிட்டேன். வண்டியை இன்றைக்குக் காப்பாற்றப்போவது நான்தான் என்ற திமிரோடு ஜன்னல் ஓரம் ஏறி உட்கார்ந்தேன்.

புளியமரத்தடியில் வண்டி விக்கியது, தும்மியது, நின்றது.

சித்தப்பா ஸ்டியரிங்கின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். "அம்புட்டுத்தான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சித்தி மட்டும் குழம்பிப்போனவளாக ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைத் தாண்டிக் கீழே குதித்தாள். பாயை எடுக்கவில்லை. ஸ்டவ்வைத் தொடவில்லை. நேரே பெட்ரோல் மூடியிடம் போனாள். அதைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"இப்ப எடுங்க" என்றாள்.

வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது.

சித்தப்பா இறங்கி வந்து மூடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அதன் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் கொட்டாது, காற்றுப் போக இன்னொன்று போடவேண்டும் அல்லவா, அதுபோல டாங்கிக்கும் காற்றுப் போக வழி வேண்டும். அந்த வழியைச் சந்தனம் அடைத்திருந்தது. பெட்ரோல் இருந்தும் இஞ்சினுக்கு வந்துசேரவில்லை. வெயிலில் சந்தனம் காய்ந்து வெடித்தபின் காற்றுப் போகும், வண்டி கிளம்பும். சித்தி தன் ரவிக்கை ஊக்கைக் கழற்றி நீட்டினாள். அவர் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தார்.

"நாந்தேன் வச்சேன்" என்று அழுதேன். "சித்தி மறந்துருச்சு, அதான் நான் வச்சேன்."

"இந்தத் தடவ நீ வச்ச, சரி" என்றார் சித்தப்பா. பிறகு சித்தியைப் பார்த்து, "ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

சித்தி புளியமரத்தை அண்ணாந்து பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. சித்தப்பா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். வண்டியை விற்கும்படி ஆகிவிட்டதே என்று அழுத மனுஷர் இப்போது எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வண்டி கிளம்பியதும் சித்தி கியர்க் கம்பியைப் பிடித்தாள். அன்று மட்டும் அவர் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினார். இன்னொரு கை கம்பியின்மேல், சித்தியின் கைக்கு மேல் இருந்தது.

வீட்டில் சித்தப்பா எல்லாப் பழியையும் சந்தனத்தின்மேல் போட்டார். இஞ்சினில் பழுதில்லை என்று தெரிந்ததும் அப்பா வண்டியை விற்கும் பேச்சை விட்டுவிட்டார். பொட்டு வைக்கிற இடம் தெரியாதவள் என்று அம்மா என் தலையில் குட்டினாள். பேகம்பூர் பாய்க்குத்தான் பெரிய அவமானம். "மூடியைத் தொறந்துதான தம்பி நான் பெட்ரோலே பாப்பேன். தொறந்தா சரியாயிரும். எப்படி எனக்குத் தெரியும்?" என்று ஒரு மாதம் புலம்பினார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி பழனி. திரும்பும் நாளில் சித்தி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். பெட்ரோல் மூடியைத் தொடவில்லை. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் நின்றேன். அப்போது சித்தப்பா வந்தார். சித்தி கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, கட்டைவிரலால் சந்தனத்தை எடுத்து, மூடியின் நடுவில், சரியாக அந்த ஓட்டையின்மேல், அழுத்தி ஒரு பொட்டு வைத்தார்.

"சித்தப்பா, அதுலதான வண்டி நிக்கும்!" என்று கத்தினேன்.

"சாமி சந்தனம் தாயி. வேண்டாங்கக் கூடாது" என்றார். வீட்டில் கேட்டால் பஞ்சர் என்று சொல்லவேண்டும் என்றும் சொல்லிவைத்தார். சித்தி அவசரமாகத் திரும்பி அலமாரியை அடுக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தது.

வண்டி புளியமரத்தடியில் நின்றது. பாய் விரிந்தது. காப்பி கொதித்தது. என்னை இஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். சொன்ன புத்தியைக் கேட்காத இரண்டு பெரியவர்களிடம் மாட்டிக்கொண்டோமே என்ற எரிச்சலோடு நின்றேன். இஞ்சின் ஆறியது. நன்றாகவே ஆறியது. "ஆறிருச்சு" என்று மூன்று தடவை கத்திச் சொன்னேன்.

"இன்னும் செத்த நேரம்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.