ஓர் உதடு வைத்த செலவு

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் பட்டறை முதலாளிக்கே மறந்துபோய் இருபது வருடம் ஆயிற்று. எல்லோருக்கும் அவர் எஸ்டிமேட். அடிபட்டு வரும் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து உதட்டைக் குவித்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சிலேயே வண்டிக்காரருக்குப் பாதி உயிர் போய்விடும். மீதியை பில் பார்த்துக்கொள்ளும். கதவு நசுங்கியிருந்தால் கதவோடு விடமாட்டார். உள்ளே இருக்கும் கிளிப்பு, கிளிப்பைக் கழற்றுகிற கூலி, கழற்றியதைத் திரும்ப மாட்டுகிற கூலி, எல்லாம் முடிந்து வண்டியைத் துடைக்கிற துணி என்று எழுதிக்கொண்டே போவார். கடைசியில் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி வரும். முதலாளியின் வீட்டில் இரண்டாம் மாடி எழும்பியது அந்த வரியால்தான்.

ஊரையே கறந்தவரை ஊரில் ஒருவராலும் கறக்க முடிந்ததில்லை. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் முள் நிற்கும்வரை இவர் இமைக்கமாட்டார். துணிக்கடைக்குப் போனால் கடைப்பையன் வியர்த்துப்போவான். அப்படிப்பட்ட மனிதரை, ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு பித்தளைக் குழாய் வீழ்த்தியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பின்பக்கம் இடிபட்ட கார் ஒன்று பட்டறைக்குள் வந்தது. ஓட்டி வந்தவர் பக்கத்துத் தெருவில் இசைப்பள்ளி நடத்துகிற மாஸ்டர். நெட்டையான ஆள், கழுத்தில் ஒரு கைக்குட்டை. கார் நசுங்கியதைப் பற்றி அவருக்குத் துளியும் கவலையில்லை. டிக்கியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, பச்சைக் குழந்தையை எடுப்பதுபோல் உள்ளே இருந்ததை எடுத்தார். குழாய் குழாயாகச் சுருண்டு, கடைசியில் புனல்போல் விரிந்த பித்தளைச் சாமான். புனலின் ஓரம் சப்பையாகியிருந்தது.

"பிரெஞ்சு ஹார்ன். இந்த ஒடுக்கை மட்டும் எடுத்துக் குடுங்க. வண்டி மெதுவா ஆகட்டும்."

தகடு தட்டுகிற மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "ஹார்னா? எந்த லாரியோடதுங்க?"

மேஸ்திரி கைதேர்ந்தவர். மரச் சுத்தியலால் அரைமணியில் ஒடுக்கை எடுத்துவிட்டார். மாஸ்டர் சரிபார்ப்பதற்காக அங்கேயே நின்று ஊதினார். நாலைந்து ஸ்வரங்கள்தான். ஆனால் அந்தத் தகரக் கூரையின் கீழே, பெயின்ட் அறையைத் திறந்ததும் முகத்தில் படுமே ஒரு வெதுவெதுப்பு, அதைப்போல அது பரவியது. உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். எஸ்டிமேட் பேனாவைக் காதில் செருகிவிட்டு எழுத மறந்தார்.

மாஸ்டர் பழுத்த அனுபவசாலி. கண் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டார்.

"சார், உதட்டை லேசா குவிங்க பார்க்கலாம்."

இருபத்தைந்து வருடமாகப் பெருமூச்சு விட்டுப் பழகிய உதடு தானாகக் குவிந்தது. மாஸ்டர் ஒரு அடி பின்வாங்கி நின்றார்.

"இது ஹார்னுக்குன்னே செஞ்ச உதடு சார். இத்தனை வருஷம் வீணாக்கிட்டீங்களே."

எஸ்டிமேட்டின் உதட்டைப் பற்றி இதுவரை பேசியவர் அவர் மனைவி ஒருத்திதான். அந்த அம்மா பேசியதுகூட அதைக் கொஞ்சம் மூடச்சொல்லித்தான். வியாழக்கிழமை மாலை எஸ்டிமேட் இசைப்பள்ளியில் போய்ச் சேர்ந்தார்.

அரைமணி வகுப்புக்கு ஒரு பக்கவாட்டுக் கண்ணாடியின் விலை. எதையும் கார்ச் சாமானில்தான் அவருக்கு மதிப்புப் போட வரும். அரைமணி என்று பேச்சு. அதில் ஐந்து நிமிடம் மாஸ்டர் குழாயில் சேர்ந்த தண்ணீரை வடிப்பார், ஐந்து நிமிடம் போனில் பேசுவார். முதல் மாதம் ஹார்னையே கண்ணில் காட்டவில்லை. வாயில் வைக்கிற சின்ன முனையை மட்டும் கையில் கொடுத்து "ப்ர்ர்ர்" என்று ஊதச் சொன்னார். இரண்டாம் மாதம் வாடகைக்கு ஹார்ன், மூன்று மாத முன்பணம். ஹார்னுக்கு எண்ணெய். எண்ணெய் துடைக்கத் துணி. துணி என்றதும் எஸ்டிமேட்டுக்குச் சுருக்கென்றது. நாலாம் மாதம் வலது கையைப் புனலுக்குள் எப்படி வைப்பது என்று ஒரு பாடம் வந்தது.

"இது தனிக் கட்டணம்" என்றார் மாஸ்டர்.

"ஏன் தனி?"

"வாய் வேற, கை வேற இல்லையா?"

கழற்றுகிற கூலி வேறு, மாட்டுகிற கூலி வேறு. எஸ்டிமேட் அதைக் கேட்டு அசந்து நின்றார். சொந்தக் கையெழுத்தை இன்னொருவர் நோட்டில் பார்ப்பதுபோல் இருந்தது. கோபம் வர வேண்டிய இடம். ஆனால் தொழில் தெரிந்தவரிடம் தொழில் தெரிந்தவருக்கு ஒரு மரியாதை உண்டல்லவா, கட்டிவிட்டு வந்தார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு அந்த மரியாதை புரியவில்லை.

"என்னங்க, மூச்சு உங்களுது. ஹார்னுக்கு வாடகை குடுக்கிறீங்க. உதடும் உங்களுது. அந்த ஆளுது இதுல என்னதான் இருக்கு?"

"வழி காட்டுறாரு."

"எதுக்கு? பர்ஸுக்கா?"

வீட்டில் அவர் ஊதிய முதல் வாரம் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கண்ணியமான மனிதர். வாசலிலேயே நின்று, "தப்பா நினைக்காதீங்க சார், கீழ ஏதாவது மாடு கட்டியிருக்கீங்களா? உடம்புக்கு முடியாம கெடக்கிற மாதிரி இருக்கு" என்று விசாரித்தார். மாஸ்டரிடம் இதைச் சொன்னதும் அவர் அலமாரியிலிருந்து ஒரு அடைப்பானை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதைப் புனலில் செருகிவிட்டால் சத்தம் வெளியே போகாதாம். சத்தம் வருவதற்கு ஒரு விலை கொடுத்த எஸ்டிமேட், வராமல் இருப்பதற்கு இன்னொரு விலை கொடுத்தார். ஆறு மாதத்தில் ஒரு பழைய காரின் முன்பாதியை ஊதித் தீர்த்திருந்தார். கைக்கு வந்தது நாலு ஸ்வரம். அதில் ஒன்று அவர் கூப்பிட்டால் வராது, அதுவாக வந்தால்தான் உண்டு.

வருடக் கடைசியில் மாணவர் கச்சேரி. மேடையேறக் கட்டணம், கறுப்புக் கோட்டுக்கு வாடகை. மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் மாஸ்டரின் ஹார்ன் மாணவர்கள் ஆறு பேரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். தனித்தனி நாளில் வகுப்பு என்பதால் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆறு பேரும் தலை நரைத்தவர்கள். ஒரு பல் டாக்டரம்மா, பள்ளி வேன் ஓட்டுநர், வரி ஆலோசகர், கட்டட காண்ட்ராக்டர், தபால் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், அப்புறம் நம்மவர். பேச்சுவாக்கில் எஸ்டிமேட் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்:

"எனக்கு ஆர்வம்னு இல்லீங்க. உதடு அப்படி அமைஞ்சிருச்சாம். ஹார்னுக்குன்னே செஞ்ச உதடாம்."

வேன் ஓட்டுநர் மெதுவாகக் கேட்டார்: "ஒரு அடி பின்னாடி போய் நின்னுதான சொன்னாரு?"

"ஆமா."

"எனக்கும் அப்படித்தான்."

வரி ஆலோசகர் உதட்டைத் தடவிக்கொண்டார். காண்ட்ராக்டர் சுவரைப் பார்த்தார். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மற்ற ஐந்து வாயையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல" என்றார்.

அந்த நிலையில் மேடைக்கு அனுப்பினார்கள். காண்ட்ராக்டர் கோபத்தில் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டார். தபால் அதிகாரி தாமதமாக வந்து சேர்ந்தார். எஸ்டிமேட்டின் நீண்ட ஸ்வரம், தகடு கிழிவதுபோல் நடுவில் கிழிந்தது. அரங்கில் இருந்ததெல்லாம் உறவுக்காரர்கள்தான் என்பதால் கைதட்டல் பலமாக இருந்தது. முதலில் தட்டியது எஸ்டிமேட்டின் மனைவி. "நல்லா இருந்துச்சா?" என்று பிறகு கேட்டதற்கு, "முடிஞ்சுதேன்னு தட்டினேன்" என்றார்.

ஆறு பேரும் போய் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஊதணும்னு உங்களுக்குத் தோணணும் இல்லையா? நிஜமாவே உதடு உள்ளவங்க மட்டும்தான் வரணும்னா நான் எப்பவோ கடையை மூடியிருப்பேன்."

ஆறு பேரும் அன்றே விலகினார்கள். முன்பணம் கட்டியிருந்ததால் ஹார்ன்கள் அடுத்த மாதக் கடைசிவரை அவர்கள் கையில் இருந்தன. "நாமளே சேர்ந்து ஊதுவோம், எவனும் நடுவுல வேணாம்" என்று எஸ்டிமேட் சொல்ல, எல்லோரும் சரி என்றார்கள். முதலாளியிடம் சாவி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையைத் திறந்தார். வண்டிகளுக்கு நடுவில் நாற்காலிகளைப் போட்டு இரண்டு ஞாயிறு ஊதினார்கள். தப்புத்தப்பாகத்தான். ஆனாலும் கூரை அதையெல்லாம் பெருந்தன்மையோடு பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. எஸ்டிமேட் அத்தனை சந்தோஷமாக இருந்து, கேட்க வந்திருந்த மேஸ்திரி பார்த்ததில்லை.

மூன்றாம் ஞாயிறு, கலைகிற நேரத்தில், எஸ்டிமேட் ஆளுக்கொரு தாளை நீட்டினார். அவராக யோசித்துச் செய்தது என்று சொல்ல முடியாது. கை செய்தது. மின்சாரம், நாற்காலித் தேய்மானம், வண்டிகளை ஓரம் தள்ளுகிற கூலி, திரும்ப நடுவில் தள்ளுகிற கூலி, கூரை எதிரொலி, இதர செலவுகள்.

வேன் ஓட்டுநர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "அண்ணே, எதிரொலிக்குமா காசு?"

"கூரை நம்மளுது இல்லையா."

டாக்டரம்மா தாளை நாலாக மடித்து அவர் சட்டைப்பையிலேயே வைத்தார். "மாஸ்டர் எவ்வளவோ தேவலை சார். அவரு உட்கார்றதுக்கு இன்னும் காசு கேக்கலை."

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. எஸ்டிமேட் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஐந்து காலி நாற்காலிகளையும் அடுக்கி வைத்தார். தாம் போட்ட பில்லை எடுத்து ஒருமுறை படித்தார். கணக்கில் தப்பில்லை. ஆனால், வாழ்நாளில் முதல்தடவையாக, அதை வாங்கிக்கொள்கிறவர் இடத்திலிருந்து படித்தார். காது சூடாயிற்று. பில்லைக் கசக்கி எறிந்துவிட்டு, வேறு வேலையில்லாமல் ஹார்னை எடுத்தார். கூப்பிட்டால் வராத அந்த ஸ்வரம் வந்தது. கிழியாமல், நடுங்காமல், மூச்சு தீரும்வரை நின்றது. திரும்பிப் பார்த்தார். கேட்பதற்கு ஒரு வேனும் இரண்டு கார்களும்தான் இருந்தன. மூன்றுக்கும் முகம் நசுங்கியிருந்தது.

மாதக் கடைசியில் ஹார்னைத் திருப்பிக் கொடுக்கப் போனார். இசைப்பள்ளியின் பெரிய அறையில் ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் இப்போது கூட்டு வகுப்பு ஆரம்பித்திருந்தார். அதற்குத் தனிக் கட்டணம்.

"நீங்களும் சேரலாம். மறுசேர்க்கைக்கு மட்டும் கொஞ்சம் ஆகும்" என்றார் மாஸ்டர், ஒரு தொகையைச் சொல்லி.

இந்த 'மறுசேர்க்கை' எந்த ரகச் செலவு, அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு காற்று என்று எஸ்டிமேட்டைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே கிடையாது. பர்ஸைத் திறந்து எடுத்து வைத்தார். வேன் ஓட்டுநர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். டாக்டரம்மா மட்டும், "நகர்ந்ததுக்கு பில் வருமா சார்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எஸ்டிமேட்டும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பெட்டியைப் பார்த்தார். "திருப்பிக் குடுக்கலையா?"

"மறுபடியும் சேர்ந்துட்டேன்."

"எவ்வளவு?"

சொன்னார்.

"குறைச்சுக் கேக்கலையா?"

"தோணலை" என்றார் எஸ்டிமேட்.

மனைவி பக்கத்தில் வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.