நோட்டில் விட்ட கோடுகள்

செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் ஆசிரியை. பாலியல் கல்வி நடத்துவதற்கு எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். உடல் உறுப்புகளின் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள், பையன்களையும் பெண்களையும் ஒன்றாக உட்காரவைத்தே சொல்லுங்கள் என்றார்கள். எந்தப் பெயரை என்று யாரும் சொல்லவில்லை. புத்தகத்தில் இருக்கும் சொல் பிள்ளைகளுக்குப் புரியாது. புரிகிற சொல்லோ பஸ் ஸ்டாண்டு சண்டையில் காதில் விழுவது. வீட்டில் துணி மடித்தபடி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருவழியாகப் பேசி முடித்தேன். பிள்ளைகள் அவ்வப்போது சிரித்தார்கள். பரவாயில்லை, நடத்திவிட்டோம் என்று வெளியே வந்தேன்.

முதல் பெஞ்சில் சிங்கவரத்துப் பெண் ஒருத்தி உட்காருவாள். பிறவியிலேயே காது கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பாடத்தைப் பிடித்துக்கொள்வாள். அவள் வராந்தாவில் என்னை நிறுத்தி நோட்டை நீட்டினாள். 'ஏன் மிஸ் அடிக்கடி போர்டு பக்கம் திரும்புனீங்க? அப்பதான் எல்லாரும் சிரிச்சாங்க' என்று எழுதியிருந்தாள்.

நான் திரும்பவில்லையே என்று தலையாட்டினேன். அவள் குறிப்பெடுத்த பக்கத்தைக் காட்டினாள். ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தாள். கோடு இருந்த இடமெல்லாம் நான் சொல்லக் கூசிய சொல். சாக்பீஸ் எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

அங்கேயே நிரப்பிக் கொடுத்திருக்கலாம். எழுத்தில் கொடுத்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று குழம்பி, அவள் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன். மறுநாள் மல்லாட்டைக் காட்டில் கடலை பறித்துக்கொண்டிருந்தவர் நேராக வந்தார்.

"இன்னா டீச்சர், எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு?"

"அவ ஒண்ணும் பண்ணலம்மா. தப்பு எம்மேலதான்" என்று நோட்டைக் கொடுத்தேன்.

எழுத்துக்கூட்டிப் படித்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வயசுக்கு வந்தப்ப இதுக்கு எப்டி சொல்றதுன்னு எனக்குத் தெரில டீச்சர். கைய காட்டித் தனியா ஒக்கார வெச்சிட்டேன். தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சி மூணு நாளு அழுதுச்சு. நீங்களாவது எழுதிக் குடுங்க."

அவளையும் கூப்பிட்டு, மூன்று பேரும் உட்கார்ந்து கோடுகளை நிரப்பினோம். இரண்டு இடத்தில் அந்த அம்மா, "இதுக்குப் பேரு இதுவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதே பாடத்தை வகுப்பில் மறுபடி நடத்தினேன். ஒவ்வொரு சொல்லையும் போர்டில் எழுதிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன். கன்னம் சுட்டது. சிரிப்பும் இருந்தது. முடிந்ததும் அந்தப் பெண் ஒரு சீட்டு கொடுத்தாள். 'காது கேக்காதவங்களுக்குப் பொறக்குற கொழந்தைக்கும் கேக்காதா?'

பயிற்சியில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. "தெரியலம்மா, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். காது டாக்டரிடம் போய்க் கேட்டேன். காரணத்தைப் பொறுத்தது, பெரும்பாலான குழந்தைகளுக்கு நன்றாகவே கேட்கும் என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று எனக்கு விளங்கவில்லை. தன்னைப் போலவே ஒரு குழந்தை வேண்டும் என்று நினைத்தாளோ என்றுகூடத் தோன்றியது. கேட்டிருக்கலாம். மணி அடித்துவிட்டது, அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.