கோர்ட் பார்ட்டிக்கு வீடு இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புரோக்கர் எங்களுக்கு வீடு காட்ட அழைத்துப் போனார். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம்... என் மனைவி வசந்தா சட்டென்று நின்றுவிட்டாள்.

'டு லெட்' போர்டு தொங்கிய அந்த வீட்டின் கீழ் போர்ஷனில்தான் நாங்கள் ஐந்து வருஷம் குடியிருந்தோம். அங்கிருந்துதான் கோர்ட் உத்தரவு வாங்கி எங்களை வெளியே அனுப்பினார்கள்.

"ஊடு சூப்பரா கீது சார். கெணத்துல தண்ணி வத்தவே வத்தாது" என்றார் புரோக்கர். தொழிலுக்குப் புதியவர், பாவம். சித்திரை மாதத்தில் அந்தக் கிணற்றில் வாளி தரை தட்டும் சத்தம் எனக்கல்லவா தெரியும்!

இந்தக் கேஸைப் பற்றி இதுவரை இந்தப் பத்தியில் உங்களுக்குக்கூட நான் எழுதியதில்லை. வாடகை பாக்கியெல்லாம் கிடையாது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றச் சொன்னார், நான் முடியாது என்றேன். மறுமாதமே அவருக்குப் பெண் மேல் பாசம் பொங்கிவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் குடிவரப் போகிறார்கள், சொந்த உபயோகம் என்று கேஸ் போட்டார். அந்தப் பெண்ணே கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னாள். தோற்றோம். சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

சரி, வேறு வீடு பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

நம்ம பக்கத்தில் வீடு கட்டியவர்களில் பாதிப் பேர் காலையில் ஒரே லோக்கலில், ஒரே பெட்டியில், சீட்டு ஆடிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள். தீர்ப்பு கோர்ட்டில் எந்த மூலையில் தூங்குகிறதோ தெரியாது... அந்தப் பெட்டியில் தினமும் அதை வாசிக்கிறார்கள்!

நெமிலிச்சேரியில் ஒரு வீட்டுக்காரர் எங்களுக்குக் காபி கொடுத்தார். சாமி படம் எந்தச் சுவரில் மாட்டலாம் என்றுகூடச் சொன்னார். திங்கட்கிழமை ரயிலேறினார். செவ்வாய்க்கிழமை, வீட்டைத் தன் மச்சானுக்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்த மச்சான் இன்றுவரை குடிவரவில்லை. நூம்பலில் ஒருவர் பரவாயில்லை, முகத்துக்கு நேராகவே சொன்னார் — கோர்ட் படி ஏறின ஆளுக்கு வீடு விடுவதில்லை என்று. நானா ஏறினேன்? என்னையல்லவா இழுத்து ஏற்றினார்கள்!

இப்போது ஆவடியில், ஃபாக்டரி குவார்ட்டர்ஸில், வசந்தாவின் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம். குவார்ட்டர்ஸில் வெளி ஆள் தங்கக்கூடாது என்பது விதி. எந்தப் புண்ணியவான் எழுதிப் போட்டாரோ, அக்கா கணவருக்கு மெமோ வந்துவிட்டது. இன்னொரு மெமோ வந்தால் அவர்கள் குடியிருப்பும் போகும். அக்கா இன்னமும் எங்களுக்குத்தான் முதலில் பரிமாறுகிறாள். அந்தச் சோறுதான் இறங்கமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பேச்சுக்குரல் கேட்டு வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் கொஞ்சமாவது வாட வேண்டுமா இல்லையா? ம்ஹூம். பெண் குடிவரவில்லையா என்று வசந்தா கேட்டாள். அவர்களுக்கு இந்த ஏரியா பிடிக்கவில்லை என்றார் — ஏதோ புடவை கலர் பிடிக்கவில்லை என்பதுபோல. பிறகு புரோக்கரிடம் திரும்பினார்.

"இன்னாப்பா நீ, கோர்ட் பார்ட்டிய இட்டாந்துகீற? வெசாரிச்சுகினு இட்டாரக் கூடாதா?"

கோர்ட்டில் பொய் சொன்னவர் ஹவுஸ் ஓனர். தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுக் காலி செய்தவன் பார்ட்டி!

மறுநாள் வக்கீலைப் பார்த்தோம். சொந்த உபயோகம் என்று காலி செய்யவைத்துவிட்டு, சொன்னபடி குடிவராமல் வேறு ஆளுக்கு விடப் பார்த்தால், பழைய குடித்தனக்காரர் வீட்டைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாமாம். சட்டத்தில் இடம் இருக்கிறதாம். எனக்குத் தயக்கம். இன்னொரு கேஸா? அப்புறம் பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லி வரை ஒரு மாட்டுக்கொட்டகைகூட நமக்குக் கிடைக்காதே என்றேன்.

வசந்தா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. வக்கீலிடம் சொன்னாள்:

"போடுங்க சார். கெட்ட பேருதான் வாங்கியாச்சே... அதுக்கு ஒரு வீடாவது கெடைக்கட்டும்."