மூன்றாவது வளைவும் ஒன்றேமுக்கால் பவரும்

என் அக்காவுக்கு வெளியே வழங்கும் பெயர் 'டபுள் பிரேக்'. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதன்மேல் எந்நேரமும் கால் வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள். வார நாட்களில் அடுத்தவர்களை மெதுவாக ஓட்டச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிப்போகும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளப் டிராக்கில் தலைதெறிக்க ஓட்டுவாள். ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. டயர் கடை முதலாளி ஒருவர் பழைய சின்னக் கார் ஒன்றை ரேஸுக்கென்றே வைத்திருந்தார். அதில் சீட் அக்காவுக்கு, ஸ்பானர் எனக்கு. அந்த சீட்டைத் தவிர தனக்கென்று அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், அதே டிராக்கில் மூன்றாவது வளைவில் நின்று கொடி காட்டுபவர். முன்னால் ஏதாவது வண்டி சுழன்று நின்றுவிட்டால் அவர் மஞ்சள் கொடி வீசுவார். பின்னால் வருகிறவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு ரேஸில் அவர் கை வலிக்க வலிக்க வீசியும் அக்கா கண்டுகொள்ளாமல் பறந்துவிட்டாள். நின்றிருந்த வண்டி மயிரிழையில் தப்பியது. அத்தான் நியாயஸ்தர் ஆயிற்றே, பெண்டாட்டி என்றும் பாராமல் ரேஸ் கமிட்டியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அன்று வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசிக்கொண்டன.

கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்தால்தான் அடுத்த ரேஸ் என்றது கமிட்டி. முதலாளி தன் பங்குக்கு, கண்ணாடியோ கண்றாவியோ, பழைய வேகம் குறையக் கூடாது, குறைந்தால் சீட் தன் மருமகனுக்கு என்று சொல்லிவிட்டார். அந்த மருமகன் வாரம் தவறாமல் புதுக் கையுறையோடு வந்து, வண்டிகளைத் தயார்செய்கிற பிட்டில் நின்றுகொண்டிருப்பான்.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, தூரப் பார்வைக்கு இரண்டு கண்ணிலும் ஒன்றேமுக்கால் பவர் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடம் இவள் எப்படிச் சமாளித்தாள்? யோசித்தபோதுதான் புரிந்தது. "அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க பார்க்கலாம்" என்று கற்றுக்கொள்ள வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர்களும் பரீட்சை என்று நினைத்து உரக்கப் படிப்பார்கள். கேட்டால், உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் கொஞ்சம் கொழகொழவென்று தெரியும் என்று நினைத்ததாகச் சொன்னாள். 

சரி, கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்று பார்த்தால், அங்கேதான் தலைவலி ஆரம்பம். கண்ணாடி போட்டால் டிராக் தெரிந்தது, கைக்கெட்டும் தூரத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற மீட்டர் முள் மங்கியது. கழற்றினால் முள் தெரிந்தது, டிராக் மங்கியது. வயசானால் அப்படித்தான் என்றார் டாக்டர். அக்காவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்துக்கும் என்று ஒரே கண்ணாடியில் இரண்டையும் வைத்துக் கொடுத்தார். கடை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது அக்கா சுவரில் இருந்த பல்லியின் விரலைக்கூட எண்ணினாள். காரில் ஏறியதும் தெருவே கரைந்துவிட்டது என்று கத்தினாள். கண்ணாடிக்கு என்ன கேடு என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் உறைத்தது. ரேஸ் சீட்டில் மல்லாக்கச் சாய்ந்து, மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்காருகிறாள். போதாக்குறைக்கு ஹெல்மெட்டின் பஞ்சு கண்ணாடியை மேலே தூக்கிவிடுகிறது. பேப்பர் படிக்கிற பாதி வழியாக அவள் டிராக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஆளுக்கு ஒரு யோசனை. கான்டாக்ட் லென்ஸ் போடு என்றார் ஒருவர். ஒரு கண்ணில் தூரத்துக்கு, மறு கண்ணில் கிட்டத்துக்கு என்று போட்டுப் பார்த்தோம். வீட்டில் தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். டம்ளரே இந்தக் கதி என்றால் வளைவு என்ன கதி ஆகும் என்று அதை அன்றே எடுத்து வைத்தோம். லேசர் செய்துகொள் என்றார் இன்னொருவர். தூரம் சரியாகிவிடும், ஆனால் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் தூக்குகிற போர்வை மாதிரி இருந்தது விவகாரம். அக்கா இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, இப்போதுதான் நன்றாகத் தெரிகிறது என்றாள்.

கடைசியில் கடைக்காரர் ஹெல்மெட்டையே கடைக்குக் கொண்டுவரச் சொன்னார். அக்கா ஹெல்மெட்டோடு உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் படித்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் தன் முறை வருவதற்குள் எழுந்து போய்விட்டார். தூரத்துக்கு மட்டும் பவர், காதில் வளைந்து மாட்டாத நேர்க் கம்பி, ஹெல்மெட் போட்ட பிறகு முன்பக்கத் திறப்பு வழியாகச் செருகிக்கொள்கிற கண்ணாடி என்று முடிவாயிற்று. மீட்டரைப் பார்க்கவே வேண்டாம் என்று, இன்ஜின் சூடானால் எரிகிற பெரிய சிவப்பு விளக்கு ஒன்றை நான் காரில் பொருத்தினேன். கமிட்டி அவள் கண்ணைச் சோதித்து ஒப்புதல் கொடுத்தது. எல்லாம் சுபம் என்று நாங்கள் மூச்சுவிட்டோம்.

பயிற்சி ஓட்டத்தில் அக்கா ஆமையாக வந்தாள். பிளக் மாற்றினேன், டயரில் காற்றைப் பார்த்தேன், பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. கண்ணிலும் குறை இல்லை. பிறகு வேகம் எங்கே போயிற்று? முதலாளி தன் மருமகனைப் பார்த்தார். மருமகன் கையுறையைப் பார்த்தான்.

மூன்றாவது வளைவில் மட்டும் அவள் வெகு முன்னாலேயே பிரேக் பிடிப்பதைக் கவனித்துவிட்டு, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்க ஒரு சுவர் இருக்குடா."

"எப்பவும் இருக்கே."

"உனக்கு இருக்கு. நான் அத ரோடுன்னு நெனச்சிட்டிருந்தேன். சாம்பல் கலர்ல ஒண்ணு வரும், அது பெருசாகும்போது திருப்புவேன், அவ்வளவுதான். இப்பப் பார்த்தா அது சுவர். அதுக்குப் பின்னாடி அவர் நிக்கிறார்டா. கைய நீட்டுனா தொட்டுடலாம் போல. இத்தன வருஷமும் நான் நேரா அவரப் பார்த்துத்தான் வந்திருக்கேன்."

 ஆனால் அத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறாரே, ஒவ்வொரு சுற்றிலும் நீ அவருக்குத் தலையாட்டிவிட்டுத்தான் போவாய் என்று? அதைக் கேட்டேன்.

"வளைவு தள்ளுற தள்ளுல தல அதுவா ஆடும். அவர்கிட்ட சொல்லிடாத, மனசு விட்டுப்போயிடும்."

அவரை வேறு வளைவுக்கு மாறிக்கொள்ளச் சொல்லலாமே என்றேன். அந்த இடத்தில் வேறொருத்தியின் புருஷன் நிற்பானே என்றாள். 

ரேஸ் அன்று காலை முதலாளி வந்து காரின் ஜன்னலில் குனிந்தார். ஒப்புதல்தான் கிடைத்துவிட்டதே, இனி எதற்கு அந்தச் சனியன் என்று ஆரம்பித்தார். "ஹெல்மெட்டோட கறுப்பு வைசர இறக்கிட்டா உள்ள கண்ணாடி இருக்கா இல்லையான்னு யாருக்கும்மா தெரியப்போகுது? கழட்டி வெச்சிட்டு பழையபடி ஓட்டு. சீட் உனக்குத்தான்."

எனக்கு அவர் சட்டையைப் பிடிக்கலாம் போல் ஆத்திரம் வந்தது. அக்கா கோபப்படவில்லை. கண்ணாடியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது வளைவு இருக்கும் பக்கம் கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள்.  அவள் எடுக்கப்போகும் முடிவைவிட, அதில் எது சரி என்று எனக்கே புரியாததுதான் பயமாக இருந்தது. அந்த சீட் இல்லாமல் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வாள்?

பிறகு கண்ணாடியைத் திரும்பச் செருகிக்கொண்டாள்.

"கழட்டியும் பார்த்துட்டேன்டா" என்றாள் என்னிடம், ரொம்பத் தாழ்ந்த குரலில். "இப்பவும் அவர் அங்க நிக்கிறது தெரியுது."

அன்று அவள் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தாள். சீட் மருமகனுக்குப் போயிற்று.

சாயங்காலம் அத்தான் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிட்டுக்கு வந்தார். அக்கா முகம் கழுவப் போயிருந்தாள். பெஞ்சில் கிடந்த கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பவர் சரியில்ல மச்சான், என் வளைவு வந்தாலே பிரேக் பிடிக்கிறா" என்றார். "வேற டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாம்."