‘அழித்தால் அழிந்ததுதான்’ என்று எழுதியவருக்கு

கம்ப்யூட்டர் விற்பது என்பது, நாம் செய்யாத பொருளுக்காக, நாம் சொல்லாத வார்த்தைக்காக, நாம் திட்டு வாங்குகிற தொழில். அந்த வார்த்தைகளைச் சொன்னவர் நீங்கள்தான் ஐயா. வாராவாரம் பத்திரிகையில் கம்ப்யூட்டர் பக்கம் எழுதுகிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பெயரைப் போடமாட்டேன். போட்டால் அதுவும் உங்களுக்கு விளம்பரமாகிவிடும். நீங்கள் சென்னையில் உட்கார்ந்து ஒரு வரி எழுதுவீர்கள். அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒருத்தன் ஓசூரில் என் கடைப் படியேறி என் சட்டையைப் பிடிப்பான்.

நான் படித்தவனில்லை. லாரியில் கிளீனராக இருந்து, ஸ்டெபிலைசருக்குக் காயில் சுற்றி, டி.வி. ரிப்பேர் பார்த்து, அடிபட்டு அடிபட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவன். பெங்களூரில் உதிரிபாகம் வாங்கிவந்து இங்கே பூட்டி விற்கிறேன். கன்னடத்தில் விலை கேட்பேன், தெலுங்கில் குறைப்பேன், தமிழில் சண்டை போடுவேன். கடையை நான் திறப்பதற்கு முன்னாலேயே என் கோபம் திறந்துவிடும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் கீழே எழுதியிருப்பதில் கோபம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் வெட்கம். என்னைப்போல் சின்னக் கடை வைத்து அல்லல்படும் சகோதரர்களே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வருகிறது

“அடுத்த மாதம் இதைவிட வேகமான சிப் வருகிறது, அவசரப்பட்டு வாங்காதீர்கள்” என்று ஒருமுறை எழுதினீர்கள். சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த ஒரு புளி மண்டிக்காரர் அதைப் படித்துவிட்டார். வருவார், காபி குடிப்பார், விலையை அடித்துப் பேசுவார், நான் ஒத்துக்கொண்டதும் உங்கள் பக்கத்தை எடுத்து விரிப்பார். “அடுத்த மாசம் வரட்டும்ப்பா.” அடுத்த மாதம் வந்தால் நீங்கள் இன்னொரு சிப்பைப் பற்றி எழுதியிருப்பீர்கள். இப்படியே புளி சீசன் முடிந்து மறு சீசனும் வந்துவிட்டது.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்: “ஏன்யா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்போதும் இப்படித்தான் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு உக்காந்திருந்தியா?” வயதில் பெரியவர். அவருக்குக் கோபமே வரவில்லை. பேப்பரை நிதானமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “அதுல அவசரப்பட்டதாலதாம்ப்பா இதுல நிதானமா இருக்கேன்.”

மடியில் குழந்தை

ஹார்ட் டிஸ்க்கைக் கைக்குழந்தையைப்போல் தூக்கவேண்டும், ஒரு குலுக்கல் போதும் உயிர் போய்விடும் என்று எழுதியது நினைவிருக்கிறதா? நான் அதை அப்படியே நம்பினேன். பெங்களூரிலிருந்து வரும்போது ஒரு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, அதன்மேல் சால்வை சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். ரோடு முழுக்கப் பள்ளம். பஸ் தூக்கிப்போடும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வேன்.

பக்கத்தில் தெலுங்கு பேசுகிற ஓர் அம்மா. “பாப்பாவுக்குக் காத்து வேணாவா அண்ணா, இப்படியா மூடுவாங்கோ?” என்று கேட்டுக்கொண்டே சால்வையை விலக்கிவிட்டார். உள்ளே தகரப்பெட்டி. “ஐயய்யோ!” என்று அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். மடியை எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “கைக்குழந்தைன்னா ஃப்ரீ. இது லக்கேஜ், காச எடு.”

ஆயிரத்துத் தொள்ளாயிரம்

இரண்டாயிரமாம் வருடம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குத் திரும்பிப் போய்விடும், உலகமே நின்றுவிடும் என்று இப்போது வாராவாரம் பயமுறுத்துகிறீர்கள். அந்தப் பயத்தில் நாலு காசு பார்க்கலாம் என்று நான் கிருஷ்ணகிரிக்குப் போனேன். அங்கே ஒரு லாரி அதிபருக்கு மூன்று மெஷின் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் ஆபீஸில் டிரைவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, நீங்கள் எழுதியதைவிட இரண்டு மடங்கு பயமாக எடுத்துச் சொன்னேன். சரிசெய்து தர ஒரு விலையும் சொன்னேன்.

அவர் பாக்கு மென்றுகொண்டே கேட்டார், “ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் போயிட்டா என்னாப்பா ஆவும்?” உங்கள் லாரிக் கணக்கெல்லாம் குழம்பிவிடும் என்றேன். “போவட்டும்யா. அப்ப லாரியும் கெடையாது, டயரும் பஞ்சராவாது, ஒன்ன மாதிரி ஆளும் வரமாட்டான்.”

பம்பாய்க்கு ஒரு டீ

இன்டர்நெட்டில் நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது என்று ஒரு முழுப்பக்கம் எழுதினீர்கள். கடையில் அப்போதுதான் இணைப்பு வாங்கி ஒரு மெஷினைத் தெருவைப் பார்க்க வைத்திருந்தேன். வெளியே போகிறவர்கள் பார்க்கட்டும், வியாபாரம் வரட்டும் என்று என் கணக்கு. பக்கத்து மத்திகிரியில், வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருக்கும் ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர் தினமும் வந்து அதில் உட்காருவார். யாரோ ஒரு பெண்ணோடு எழுத்திலேயே பேச்சு. கல்யாணமாகாதவன், பம்பாயில் பெரிய வேலை என்று அடித்துக்கொண்டிருப்பார்.

எதிர் டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்தார். பத்தாவதுவரை படித்தவர். திரையைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார்: “சார், டீய இங்க வைக்கட்டுமா, பம்பாய்க்கு அனுப்பட்டுமா?” 

சாம்பலை யார் படிப்பார்

இதுவரை சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். இனி சிரிக்க ஒன்றுமில்லை.

பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது என்ன செய்வது என்று ஒரு வாரம் எழுதினீர்கள். உள்ளே இருப்பதை அழித்துவிடுங்கள், அழித்தால் அழிந்ததுதான், எரித்த காகிதத்தின் சாம்பலை யாராவது படிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பழசு வாங்கிப் புதுசு கொடுக்கிற எனக்கு அதைவிட நல்ல விளம்பரம் ஏது? கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டினேன். ஜெராக்ஸ் எடுத்துப் பில்லோடு சேர்த்துக் கொடுத்தேன்.

மத்திகிரியில் முபீனா என்று ஒரு பெண் வீட்டிலேயே டைப்பிங் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமையானால் அவர் வாசலில் செருப்பு நிறைந்திருக்கும். ஊத்தங்கரை, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து காண்ட்ராக்ட் கூலிக்கு வேலை பார்க்கிற பையன்கள், பெங்களூர்க் கம்பெனிகளுக்குப் பயோடேட்டா அடிக்க வருவார்கள். இங்கே வேலையில் இருந்துகொண்டே வேறிடம் தேடுகிறான் என்று காண்ட்ராக்டருக்குத் தெரிந்தால் மறுநாள் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். ‘அக்காவிடம் கொடுத்தால் வெளியே போகாது’ என்பதுதான் அவர் தொழிலின் முதலே. அவருடைய பழைய மெஷினை நான் எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்று கொடுத்தேன். பயோடேட்டாவையெல்லாம் அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அப்படியும் மனம் ஆறாமல் ஆட்டோவரை வந்தார். “நல்லா அழிஞ்சிருச்சுங்களா அண்ணா? பசங்க பொழப்புங்க அது.” நான் தலையாட்டிவிட்டு உங்கள் ஜெராக்ஸை அவர் கையில் வைத்தேன்.

முதல் எழுத்து

முபீனாவின் அந்தப் பழைய மெஷினை ஒரு லேபர் காண்ட்ராக்டருக்கு விற்றேன். விலை நன்றாகப் படிந்தது. டிஸ்க்கை முழுசாகத் துடைத்துக் கொடுத்தால் புரோகிராம் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றவேண்டும், ஒருநாள் வேலை கெட்டுப்போகும் என்று அப்படியே கொடுத்துவிட்டேன். ஒருநாள் காண்ட்ராக்டரின் கணக்குப்பிள்ளை பதறிக்கொண்டு போன் செய்தார். ஆட்கள் வருகைக் கணக்கைக் கைதவறி அழித்துவிட்டாராம். இதெல்லாம் ஒரு வேலையா என்று பெருமையாக, அழித்ததை மீட்கிற கட்டளையைச் சொன்னேன். கைதவறி இப்போது அழித்ததை மட்டும்தான் அது மீட்கும் என்று நினைத்திருந்தேன்.

“சார், எங்க கணக்கு வந்துருச்சு. கூடவே வேற என்னென்னமோ பேரெல்லாம் வருதே. ஒவ்வொண்ணுலயும் முதல் எழுத்து மட்டும் இல்ல, கேள்விக்குறி போட்டிருக்கு” என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. “முதல் எழுத்த நீ போடு, முழுசா வந்துரும்” என்றேன். வித்தை காட்டுகிற சந்தோஷம். மெஷின் எதையும் எரிப்பதில்லை ஐயா. வீடு அப்படியே நிற்கிறது, கதவில் இருந்த பெயரில் ஓர் எழுத்தைச் சுரண்டிவிட்டு ‘அழித்துவிட்டேன்’ என்கிறது, அவ்வளவுதான். கணக்குப்பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். செல்வம், முருகன், அன்வர் என்று அவர் வாய்விட்டுப் படிக்கப் படிக்கத்தான், அதெல்லாம் முபீனா அடித்த பயோடேட்டாக்கள் என்று எனக்கு உறைத்தது. “நிறுத்து, நிறுத்துய்யா!” என்று கத்தினேன். அதற்குள் போன் கை மாறிவிட்டது. காண்ட்ராக்டர் குரல்: “ரொம்ப தேங்க்ஸுங்க. எங்க ஆளுங்க பேரு, முதல் எழுத்து எங்களுக்குத் தெரியாதா?”

அச்சில் வந்தது

செல்வமும் இன்னும் சிலரும் மறுநாளே கேட்டில் நிறுத்தப்பட்டார்கள். காண்ட்ராக்டர் மெஷினைப் பற்றி மூச்சுவிடவில்லை. “நீங்க நம்பிக் குடுத்த எடமே எங்கிட்ட குடுத்துருச்சு” என்று சொல்லியனுப்பிவிட்டார். பையன்கள் முபீனா வீட்டு வாசலில் நின்று, எவ்வளவு வாங்கினாய் என்று தெருவே பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வாசலில் செருப்பு இல்லை.

பையன்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நான் போனேன். தப்பு அந்தப் பெண் மேல் இல்லை, அழித்தது திரும்ப வரும், என்னால்தான் வந்தது என்று சொன்னேன். நம்பவில்லை. ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் கண் முன்னால் அழித்து, மீட்டும் காட்டினேன். “ஒன் மெஷின்ல நீ என்ன வித்தை வேணாலும் காட்டுவ. பேரம் பேசும்போது ஒன் வாயில உண்மை வந்தத யாராச்சும் பாத்திருக்காங்களா?” என்றான் ஊத்தங்கரைச் செல்வம். வழக்கமாக அந்தப் பேச்சுக்கு என் கை ஓங்கிவிடும். அன்று ஓங்கவில்லை. அவன் ஜேபியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தான். முபீனா தன்மேல் குற்றமில்லை என்று காட்ட அவர்களிடம் கொடுத்த உங்கள் ஜெராக்ஸ். அதுவே அவருக்கு எதிர்ச்சாட்சியாகிவிட்டது. “அழிச்சா அழிஞ்சதுதான்னு போட்டிருக்கான். அப்ப அந்தம்மா எடுத்துக் குடுக்காம பேரு எப்படி வெளிய வரும்? நீ சொல்றத நம்பவா, அச்சுல வந்தத நம்பவா?”

வாசல்படியில்

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முபீனா வீட்டுக்குப் போனேன். புது மெஷின் மேல் உறை போட்டு மூடியிருந்தது. உட்காரச் சொன்னார், நான் படியிலேயே நின்றேன். மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், வேறு ஏதாவது வேலை பிடித்துத் தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

வேலை வேண்டாம் என்றார். அந்தப் பையன்கள் தன் முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும், ரோட்டில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள் என்றார். ஒரு சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டார்: “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணா. அழிஞ்சிருச்சான்னு நான் கேட்டப்ப, நீங்க பாத்துட்டுத் தலையாட்டுனீங்களா, படிச்சிட்டுத் தலையாட்டுனீங்களா?”

உங்கள் கணக்கு

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் ஐயா தலையாட்டினேன், மெஷினுக்குள் பார்க்கவில்லை. என் பங்கு அது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் என் வாய்க்கு இந்த ஊரில் மதிப்பில்லை, உங்கள் எழுத்துக்கு இருக்கிறது. உங்களுக்கு எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை. பத்திரிகை ஆபீஸுக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு தம்பி சாவகாசமாகச் சொன்னார்: “பழசத் திருத்திக்கிட்டு இருந்தா புது நியூஸ் எப்ப சார் போடறது?”

புது நியூஸ் ஒரு வாரம் காத்திருக்கட்டும். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நான் எழுதியது தப்பு, அழித்தது அழிவதில்லை, மீட்கத் தெரிந்தவன் மீட்டுவிடுவான் என்று போடுங்கள். அவசரப்பட்ட கடைக்காரன் என்று என்னைப் பெயர் போட்டுத் திட்டியே எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை நானே லைன் வீடு லைன் வீடாகக் கொண்டுபோய் செல்வம் கையில் கொடுக்கிறேன். அச்சில் போன மானத்தை அச்சில்தான் திருப்பித் தரமுடியும், நீங்கள்தான் தரவேண்டும். பிழைப்பு முழுக்க எதிலும் பாதி விலைக்குக் கீழே கேட்டே பழகிய நான், நாலு வரியாவது வேண்டும், அதில் ஒரு வரிகூடக் குறைத்துக்கொள்ளமாட்டேன் என்று நிற்பது இந்த ஒரு வியாபாரத்தில்தான்.