ஆரஞ்சு வில்லை

சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. ஆரஞ்சு நிறம். உள்ளே கடுகளவு கதிரியக்கப் பொருள். இந்தச் சோதனை வில்லையைக் கையில் பிடித்துக்கொண்டு தினமும் காலை ஏழு மணிக்கு, எங்கள் இரும்பாலை கேட்டில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு நடுவே நடக்கிறேன். பழைய இரும்போடு கதிரியக்கம் எதுவும் உலைக்குள் போய்விடாமல் காவல் நிற்கும் தூண்கள் அவை. வில்லையைக் கண்டதும் அலற வேண்டும். அலறினால்தான் அன்றைக்கு முதல் லாரி உள்ளே வரும். இந்த நடையைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய பாதுகாப்பு அதிகாரி. அன்றெல்லாம் அவரேதான் தினமும் நடப்பார். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இருபது வருஷமாய் மெஷின் பார்க்கிற எனக்கு அதனாலேயே முதல் மாதம் முழுக்க அவரைக் கண்டால் ஆகாது. வேறு வேலை இல்லையா இந்தம்மாவுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன்.

சிகாமட் பக்கமிருந்து பழைய இரும்பு ஏற்றிவரும் டிரைவர் அண்ணன் ஒருவர் உண்டு. பெக்கோ ஊர்க்காரர், மூன்று பெண் பிள்ளைகள். என் வீட்டு விசேஷம் எதையும் விடாமல் வந்து நிற்கிறவர். மற்ற லாரிகளுக்கு வாயே திறக்காத தூண்கள், திடீரென்று ஒரு வாரம் அவர் லாரிக்கு மட்டும் அலறத் தொடங்கின. ஒவ்வொரு தடவையும், “போய் தே தாரேக் குடிச்சிட்டு வாங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்” என்று அவரை எதிர்க்கடைக்கு அனுப்பிவிட்டு, கைமீட்டரோடு லாரியைச் சுற்றிச் சுற்றி வருவேன். இரும்பை இறக்கிக் கிளறுவேன். ஒன்றும் காட்டாது. மீட்டருக்குப் புது பேட்டரி போட்டேன், தூணின் கேபிளை மாற்றினேன், பெட்டியைத் திறந்து ஈரம் துடைத்தேன். மறுநாளும் அதே அலறல். பின்னால் லாரிகள் வரிசையாய் நின்றன. மேனேஜர் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் மெஷினைச் சரி பண்ணு, இல்லையென்றால் அந்த ஆளை நிறுத்திவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனின் பிழைப்பில் மண் விழக்கூடாதென்று நான் ஒரு காரியம் செய்தேன். சொல்ல இன்றைக்கும் வெட்கமாய் இருக்கிறது. அலாரம் அடிக்கும் கதிரளவை உயர்த்தி வைத்தேன். நல்லதுதானே செய்கிறோம் என்று மனசுக்குச் சமாதானம் வேறு. மறுநாள் காலை மேடம் வில்லையோடு நடந்தார். தூண்கள் ஊமையாய் நின்றன. திரும்ப நடந்தார். அப்போதும் சத்தமில்லை. என்னைப் பார்த்தார். அண்ணனுக்காக அளவை ஏற்றியதை ஒப்புக்கொண்டேன்.

“நீங்க அவரக் காப்பாத்தலண்ணே. உலைக்கு முன்னால நிக்கிற அத்தன பேரையும் கைவிட்டுட்டீங்க.”

குரலைக்கூட உயர்த்தவில்லை. அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம். அளவைப் பழையபடி நானே இறக்கி வைத்தேன். காரணம் தெரியாமல் இன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போவதில்லை என்றார் அவர்.

அண்ணன் லாரி வந்தது, அலறியது. வழக்கம்போல் அவர் கடைக்குக் கிளம்ப, மேடம் நிறுத்தினார். சரக்கு முழுவதையும் இறக்கிவிட்டு, காலி லாரியை அவரையே ஓட்டி வரச் சொன்னார். அலறல். பிறகு என்னை ஓட்டச் சொன்னார். தூண்கள் மூச்சு விடவில்லை. கொளுத்துகிற வெயிலில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். யாரும் சொல்லாமலே அண்ணன் தலையைக் குனிந்தபடி தூண்களுக்கு நடுவே நடந்து வந்தார். அலறியது. ஐயோ, அலமாக், ஒரு வாரமாய் நான் தேடியதை நானேதான் தினமும் டீ குடிக்க அனுப்பி வைத்திருக்கிறேன்!

தைராய்டில் புற்றுநோய். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் கதிரியக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாமியார் ஊர்த் திருவிழா என்று எங்களிடம் லீவு சொல்லிவிட்டுப் போனவர், வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைத்துவிட்டார். ஆஸ்பத்திரி கொடுத்த அட்டை பர்ஸுக்குள் நாலாய் மடித்துக் கிடந்தது. மேடம் அதைப் படித்தார், மீட்டரை அவர் கழுத்தருகே பிடித்து எண்ணைக் குறித்துக்கொண்டார், மேனேஜர் அறைக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். நோயாளி நமக்கு வேண்டாம், வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார் மேனேஜர்.

“மெஷின் சரியா இருக்கு, லாரியும் சரியா இருக்கு. இவர் உடம்புல இருக்கிறது மருந்து, கொஞ்ச நாள்ல தானா கொறஞ்சிரும். அதுக்காக இவர நிறுத்துனீங்கன்னா, நாளைக்குக் காலையில கேட்டத் திறக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரிகூட உள்ளே வர முடியாது. மேனேஜர் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சரி லா என்றார். உடம்பில் கதிர் அடங்கும்வரை அண்ணனின் தம்பி லாரி ஓட்டினார். டிரைவர் பலகையில் பெயர் மாறவில்லை. அன்றைக்கு மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்ததும் அண்ணன், டயர்மேல் சாய்ந்து நின்று அழுதார்.

மேடம் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். போகும்போது வில்லையை என் கையில் வைத்து, ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார். விட்டதில்லை. காய்ச்சல் என்றாலும் வந்து நடந்துவிட்டுத்தான் கிளினிக் போவேன். இன்று காலையும் நடந்தேன், தூண்கள் அலறின. பத்து மணிக்கு அண்ணன் லாரி வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, “தே குடிக்கப் போகட்டா தம்பி?” என்றார். வாரம் ஒரு முறையாவது இந்தக் கிண்டல் உண்டு.

உட்காருங்கண்ணே, நேராய் உள்ளே போங்க என்றேன். லாரி தூண்களைக் கடந்தது. சத்தமே இல்லை. காலையில் வில்லையோடு நடந்து அலறலைக் கேட்டவன் நான். அந்த அமைதியை நம்பி, அவர் லாரிச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.